ஐம்பத்திரண்டு கிலோவுக்குக் குறையாமல் ஒரு ஜப்பானியர்

சமையல் வேலையில் ஒரு வசதி உண்டு: நாம் செய்த தவறுகளை மற்றவர்கள் சாப்பிட்டுத் தீர்த்துவிடுவார்கள். பிறர் வயிற்றை நம்பிப் பிழைக்கும் உங்களுக்கெல்லாம் இது தெரிந்ததுதான். ஆனால் சாப்பிட்டவரை மாதம் ஒரு முறை எடை மெஷினில் ஏற்றி, நாம் சமைத்த லட்சணத்தைக் கிலோவில் எழுதி வைக்கும் இடத்தில் நீங்கள் வேலை பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

எண்ணூறு பேரிலிருந்து இரண்டு பேருக்கு

2010ஆம் ஆண்டு அக்டோபர் வரை ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் மதியச் சாப்பாடு என் பொறுப்பு. எண்ணூறு பேர். சாம்பாரை வாளியால் அளப்போம், உப்பைக் கையால் அள்ளுவோம். உப்பு கூடினால் எண்ணூறு பேரும் என்னைத் திட்டிவிட்டு லைனுக்குத் திரும்புவார்கள். அடுத்த நாள் சரியாகிவிடும். ஒரு நாள் அட்மின் ஆபீசர் என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், புது மனைப் பிரிவில் ஒரு மாடி வீடு. கம்பெனி வாடகைக்கு எடுத்த கெஸ்ட் ஹவுஸ். அதில் இரண்டு ஜப்பானியர்கள் இருந்தார்கள்.

பெரியவர் ஒகாவா சான். 'சான்' என்பது நம் ஊர் 'சார்' போலப் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும் மரியாதை. வயது ஐம்பத்தொன்பது. இரும்புத் தகட்டை அழுத்திக் கார்க் கதவாக்கும் பெரிய பிரஸ் மெஷின்களை நிறுவ வந்தவர். சின்னவர் ஹயாஷி சான், வயது இருபத்தெட்டு. லைனில் வேலை செய்யும் பையன்களிடமே தமிழ் கற்றுக்கொண்டவர். ஒகாவா சான் வந்தபோது அறுபது கிலோ. நான்கு மாதத்தில் ஐம்பத்து நான்கு. முன்பிருந்த சமையல்காரர் ஹோட்டல் குருமாவாகச் செய்து போட்டிருக்கிறார். ஒகாவா சான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தட்டில் மிச்சம் வைப்பது அவர்கள் வழக்கத்தில் தவறு. அதனால் போட்டுக்கொள்வதையே தினம் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஐம்பத்திரண்டுக்குக் கீழே போனால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். பிரஸ் லைன் முதல் முறையாக ஓடப்போவதோ பிப்ரவரிக் கடைசியில். ஓய்வு பெறுவதற்கு முன் ஒகாவா சானுக்கு இதுதான் கடைசி வேலை. முதல் கதவு வெளியே வருவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், அது வரை எப்படியாவது தன்னை இங்கே இருக்க விடுங்கள் என்று அவர் டாக்டரிடம் கேட்டிருக்கிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு அட்மின் ஆபீசர் என்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். "மாஸ்டர், ருசியா செய்யுங்கன்னுகூட சொல்லல. பிப்ரவரி வரைக்கும் அவர அம்பத்திரண்டுக்குக் கீழ விட்டுராதீங்க. அது போதும்."

கொட்டிய கஞ்சி

முதல் நாள் கடைவீதிக்குப் போய் இருப்பதிலேயே உயர்ந்த பச்சரிசியாக வாங்கினேன். இரண்டு வருடப் பழைய பொன்னி. கேன்டீன் வழக்கப்படி கொதிக்கவிட்டு, கஞ்சியை வடித்துக் கொட்டினேன். அந்த நேரம் பார்த்து ஒகாவா சான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார். தொட்டியில் இறங்கும் கஞ்சியைப் பார்த்துவிட்டு, யாரோ பாலைச் சாக்கடையில் ஊற்றுவதைப் பார்த்தவர் போல நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அரிசியை நான்கு தண்ணீரில், கசக்காமல், விரல் நுனியால் சுழற்றிக் கழுவினார். அரை மணி நேரம் ஊறவைத்தார். அரிசிக்கு மேல் விரலின் முதல் கணு வரை தண்ணீர். மூடி போட்டால் போட்டதுதான், இறக்கிப் பத்து நிமிடம் ஆகும்வரை திறக்கக் கூடாது. இருபத்தைந்து வருடமாக நான் மூடியைத் திறந்து திறந்து பார்த்தே சமைத்தவன். அந்த நேரத்தில் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியவில்லை. "வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?" என்று சைகையால் கேட்டேன். அவர் குனிந்து பாத்திரத்தின் பக்கத்தில் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். முதலில் குதிக்கும் சத்தம். பிறகு முணுமுணுப்பு. பிறகு அடியில் காய்ந்த இலை நொறுங்குவது போல மெல்லிய சத்தம். அப்போது அடுப்பை அணைத்தார். சோறு பேசும் என்பது அத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

மூடியைத் திறந்தபோது மல்லிகைப்பூ மாதிரி, உதிரி உதிரியாக இருந்தது. பழைய அரிசி ஆயிற்றே! நமக்கு அதுதானே பெருமை. ஆனால் அவருடைய குச்சிகளில் அந்தச் சோறு நிற்கவில்லை. ஒவ்வொரு பருக்கையாகத் துரத்திப் பிடித்தார். நான் கரண்டி கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டுக் கிண்ணத்தை மூடினார். ஹயாஷி சான் மட்டும் எனக்கு விளக்கினார். "மாஸ்டர் சான், அரிசி எல்லாம் நல்ல அரிசிதான். ஆனா ஒருத்தர்கூட இன்னொருத்தரோட பேசல."

கருவாட்டுக்காரம்மாவின் கேள்வி

சோறு நிற்காவிட்டால் சூப்பையாவது நிறுத்துவோம் என்று முடிவு செய்தேன். சூப்புக்கென்று அவர்கள் பெட்டியில் கொண்டுவந்த கடற்பாசியும் சீவிய மீனும் தீர்ந்துவிட்டன. ஹயாஷி சான் ஒரு சின்ன மீனைப் படம் வரைந்து, பக்கத்தில் ஒரு சூரியனையும் வரைந்தார். நெத்திலிக் கருவாடு! இதற்கு ஏன் ஜப்பான் வரை போக வேண்டும்? சந்தைக்குப் போனேன்.

செய்முறையைச் சொல்கிறேன், நீங்களும் செய்து பார்க்கலாம். நம் கருவாட்டில் உப்பு அதிகம், அதனால் மூன்று முறை கழுவ வேண்டும். தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து அந்தக் கறுப்பை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கசக்கும். பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் சூடாக்கி, நுரையை எடுத்து, வடிகட்டினால் தீர்ந்தது. மிளகாய் இல்லை, புளி இல்லை, தாளிப்பு இல்லை. கடைசியில் மிசோ என்று ஒரு புளித்த சோயா விழுதை ஒரு ஸ்பூன் கரைப்பார்கள். அதைக் கரைப்பதற்கு முன்பே நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். இளநீர் போலத் தெளிந்த தண்ணீர்தான். ஆனால் நாக்கின் பின்பக்கத்தில் ஒரு கடலே இருந்தது. முப்பது சாமானை வறுத்து அரைத்து நான் தேடியதை நாற்பது நெத்திலி ஒரு மணி நேரத்தில், சத்தமே போடாமல் கொண்டுவந்து வைத்துவிட்டன.

ஒகாவா சான் அன்று இரண்டு கிண்ணம் குடித்தார். வாரா வாரம் நான் கருவாடு வாங்குவதைப் பார்த்து, என்ன குழம்பு வைக்கிறேன் என்று கருவாட்டுக்காரம்மா கேட்டார். விவரமாகச் சொன்னேன். கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டார். "தலையக் கிள்ளி, வயித்த எடுத்து, ஊறவெச்சி, மீன வெளிய போட்டுட்டு தண்ணியக் குடிப்பாரா? அய்ய, கருவாடு கழுவுன தண்ணிய இத்தினி வருசமா ரோட்ல ஊத்திகினு கீறனே மாஸ்டரு!"

வீட்டில் ஒத்திகை

கெஸ்ட் ஹவுஸில் ஒரு வேளைச் சோறு வீணானாலும் அது அவர் எடையில் தெரியும். அதனால் புதிதாக எதைக் கற்றாலும் முதலில் என் வீட்டில் செய்து பார்ப்பேன். கீரையை வேகவைத்து, பிழிந்து, எள்ளை வறுத்து இடித்துத் தூவினேன். முள்ளங்கியைத் துருவிப் பச்சையாகவே வைத்தேன். வீட்டுக்காரிக்குப் பொறுமை அதிகம். ஆனால் முதல் வாரம், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து போர்ஷன்காரர்களே விசாரித்தார்கள்.

இரண்டாவது வாரம் நெத்திலி சூப்பில் வெண்டைக்காயை மெல்லிய வட்டமாக நறுக்கிப் போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்தாள். கிண்ணத்துக்குள் பார்த்தாள். மறுபடியும் குடித்தாள். பாராட்டப் போகிறாள் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். "ஏங்க, இதுல ருசி இருக்குதுன்னு நல்லா தெரியுது. எங்க இருக்குதுன்னுதான் தெரியல."

கரண்டிக்குப் பட்டா

நவம்பரில் ஒரு விடுமுறை நாள். நான் சமைப்பதை ஒகாவா சான் காலை முழுதும் நாற்காலி போட்டுப் பார்த்தார். கையில் ஸ்டாப் வாட்ச். தொழிற்சாலையில் ஒர்க்கர்களைப் பார்ப்பது போலவே என்னைப் பார்த்தார். மாலையில் ஒரு படம் காட்டினார். ஒரு குழம்புக்கு நான் சமையலறைக்குள் எத்தனை தடவை குறுக்கே நடந்தேன் என்று கோடு கோடாகப் போட்டிருந்தார். சிலந்தி வலை மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் தொழிற்சாலையில் தரையில் ஒட்டும் மஞ்சள் டேப்பைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கரண்டிக்கும், வாணலிக்கும், உப்பு ஜாடிக்கும் அதன் உருவத்திலேயே கோடு போட்டு இடம் கொடுத்தார். எது இல்லை என்பது அறைக்குள் நுழைந்ததுமே தெரியும். என் அரிவாள்மணைக்கு மட்டும் எங்கே இடம் என்று யோசித்தார். நான் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை நறுக்கிக் காட்டினேன். கத்தி அசையாமல் நிற்க, காய் அதனிடம் வருவதை அவர் குனிந்து, கிட்டத்தில் முகம் வைத்துப் பார்த்தார். மெதுவாக, இன்னொரு முறை என்றார். கடைசியில் எல்லாவற்றிலும் நல்ல இடத்தை, ஜன்னலுக்குக் கீழே, அதற்குத்தான் கொடுத்தார்.

வீட்டு வேலைகளைப் பார்க்கும் கன்னியம்மா மண்ணூர்க்காரர். காலையில் வந்து சுவரையும் தரையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னா மாஸ்டர், கரண்டிக்கெல்லாம் பட்டா குடுத்துட்டாரா உங்க சாரு? எங்க வூட்டுக்கே இன்னும் குடுக்கல."

ஒரு கிலோ தவிடு

அடுத்து ஹயாஷி சான் கேட்டது தவிடு. பச்சரிசித் தவிடு, புதிதாக, ஒரு கிலோ. நான் மூன்று முறை உறுதி செய்துகொண்டு மண்ணூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குப் போய்க் கேட்டேன். வாங்கி வந்த தவிட்டை ஒகாவா சான் லேசாக வறுத்தார். உப்புத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்தில் பிசைந்து ஒரு ஜாடியில் போட்டார். முதல் வாரம் அதில் புதைத்த முட்டைக்கோஸ் இலைகளை எடுத்து எறிந்தார். அவை தவிட்டுக்குச் சாப்பாடாம். தினமும் வெறும் கையால் அடிவரை கிளற வேண்டும். நம் வெயிலுக்கு இரண்டு வேளை. பகல் வேளை என் முறை. ஒரு வாரத்தில் அதன் வாசனை மாறியது. இரண்டாவது வாரம் மாலையில் ஒரு வெள்ளரிக்காயைப் புதைத்துக் காலையில் எடுத்தார். கழுவி நறுக்கி என்னிடம் ஒரு துண்டு நீட்டினார்.

வெள்ளரிக்காய் வெள்ளரிக்காயாகவே இருந்தது. கறுக்கென்று கடிபட்டது. ஆனால் உள்ளே உப்பும் புளிப்பும் வேறு எதுவோ ஒன்றும் சேர்ந்திருந்தன. அடுப்பு இல்லாமல், ஒரே இரவில், மாட்டுக்குப் போடும் தவிடு சமைத்திருந்தது. நான் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தேன். யாரோ உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

மில்காரரை மட்டும் சமாதானப்படுத்த முடியவில்லை. தவிடு வாங்கப் போன அன்றே, மாடு எத்தனை என்று கேட்டார். மாடே இல்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தபடி பொட்டலம் கட்டினார். "மாடு இல்லன்னு சொல்ற, ஒரு கிலோ போதும்னு சொல்ற. யாருக்குன்னு கேட்டா வெள்ளரிக்காய்க்குன்னு சொல்ற. ஏம்பா, வூட்ல சொல்லிட்டுத்தான் வந்தியா?"

சுருட்டிய முட்டை

மெல்லிய முட்டைத் தோசை ஊற்றி, அரைவேக்காட்டில் சுருட்டி, கல்லின் ஓரத்தில் தள்ளி வைக்க வேண்டும். மறுபடி முட்டை ஊற்றி, பழைய சுருளையும் சேர்த்துச் சுருட்ட வேண்டும். இப்படி ஐந்து சுற்று. உள்ளே கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் நெத்திலித் தண்ணீர். குறுக்கே வெட்டினால் மரத்தின் வயதைக் காட்டும் வளையங்கள் போலத் தெரியும். எனக்கு வர இருபத்திரண்டு நாள் ஆனது. அந்த இருபத்திரண்டு நாள் கிழிந்த முட்டைகளையும் சாப்பிட்டவர் டிரைவர் முத்துப்பாண்டி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாத வயிறு. கிழியாமல் வந்த முதல் சுருளைத் தட்டில் வைத்து அவருக்குக் காட்டினேன். "ஏண்ணே, இம்புட்டு நாளும் எனக்குப் போட்டது என்ன, இதோட மிச்சமா? அப்ப நல்லா வந்துட்டா எனக்குக் கிடையாதா?"

மூன்றாவது ஓட்டை

சூப், முட்டை, வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் ஒகாவா சான் ரசித்துச் சாப்பிட்டார். ஆனால் அவையெல்லாம் சோற்றைச் சாப்பிடுவதற்காக இருப்பவை. சோறு இறங்கவில்லை. நவம்பரில் எடை ஐம்பத்து மூன்றரை. டிசம்பரில் ஐம்பத்து மூன்று. ஜனவரி முதல் வாரம் ஐம்பத்திரண்டு புள்ளி மூன்று. தொழிற்சாலையில் வேலையும் கூடிவிட்டது, மெஷின் மேல் ஏறி ஏறி இறங்குகிறார். இந்த வேகத்தில் போனால் பிப்ரவரி எடையோடு அவர் விமானம் ஏற வேண்டியதுதான்.

நான் கடை கடையாக ஏறி அரிசி மாற்றினேன். இன்னும் பழையது, இன்னும் விலை கூடியது, பாசுமதி. ஒன்றைவிட ஒன்று உதிரியாக வந்தது. ஒகாவா சான் ஒவ்வொரு முறையும் பாத்திரத்தில் காதை வைத்துக் கேட்டு, சரியாக வெந்திருக்கிறது என்று என்னைப் பாராட்டிவிட்டு, கொஞ்சமாகப் போட்டுக்கொண்டார். ஒரு நாள் சாயங்காலம் அவரை இறக்கிவிட்டு முத்துப்பாண்டி சமையலறை வாசலில் வந்து நின்றார். தட்டைத் தேடவில்லை. "அண்ணே, சார் பெல்ட்டுல நான்தான் ஆணி வச்சு ரெண்டு ஓட்டை போட்டுக் குடுத்தேன். இன்னைக்கு மூணாவது போடச் சொல்லுதாரு. எனக்குக் கை வரலண்ணே."

காணும் பொங்கலன்று நடந்த தவறு

பொங்கலுக்கு முன்பே அரிசி வாங்கி வைக்காதது என் தவறு. காணும் பொங்கலன்று காலை டப்பாவைத் திறந்தால் அரைப் படிகூட இல்லை. கடைவீதி முழுவதும் அடைப்பு. அலமாரியில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. கன்னியம்மா தன் நிலத்தில் விளைந்த அரிசியை என் வீட்டுப் பொங்கலுக்கென்று கொண்டுவந்து வைத்து, நான் எடுத்துப் போக மறந்தது. அறுத்துப் பத்து நாள் ஆன நெல். குட்டையான குண்டு ரகம். மில்லில் பச்சரிசியாகத் தீட்டியது. சமைப்பவர்களுக்குத் தெரியும், புது அரிசி சர்க்கரைப் பொங்கலுக்குச் சரி, சோற்றுக்கு ஆகாது. குழைந்துவிடும், ஒட்டிக்கொள்ளும். கேன்டீனுக்குப் புது அரிசி வந்தால் மூட்டையைப் பிரித்த கையோடு திருப்பி அனுப்புவோம்.

வேறு வழியில்லை. தண்ணீரை அரைக் கணு குறைத்து வைத்தேன். திறந்து பார்த்தேன். நான் பயந்தது போலவே ஒட்டிக்கொண்டிருந்தது. பருக்கைகள் உடையவில்லை, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து பளபளத்தன. ஹயாஷி சானிடம், முதலில் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் என்றேன். ஒகாவா சான் ஆவியை முகர்ந்தார். குச்சியால் எடுத்தார். சோறு ஒரு சின்னக் கட்டியாக, சிந்தாமல், எழுந்து போனது. தொட்டுக்கொள்ள எதுவும் எடுக்காமல் வெறும் சோற்றை மென்றார். கிண்ணம் காலியானது. நீட்டினார். போட்டேன். மறுபடியும் நீட்டினார். மூன்றாவது கிண்ணத்தின் பாதியில்தான் ஹயாஷி சானிடம் ஏதோ சொன்னார். அவர்கள் ஊரில் புது அரிசிக்காக வருடம் முழுதும் காத்திருப்பார்களாம். வந்ததும் 'புதுசு' என்று எழுதி ஒட்டி விற்பார்களாம். பழைய அரிசிக்குத்தான் மதிப்புக் குறைவாம். மூன்று மாதமாக நான் கடைவீதி முழுக்கத் தேடி, அவருக்கு வேண்டாததிலேயே மிகச் சிறந்ததை வாங்கிக்கொண்டிருந்தேன்.

கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய், புது அரிசி வேண்டும், எவ்வளவு புதிதோ அவ்வளவு நல்லது என்றேன். அரிசிக்கடைக்காரர் கல்லாவை மூடிவிட்டு வெளியே வந்து, என்னை ஓரமாக அழைத்துப் போனார். "மாஸ்டர், பத்து வருசமா புது அரிசிய பழசுன்னு சொல்லி வித்துகினு கீறேன். புதுசுதான் வேணும்னு வந்த மொத ஆளு நீதான். யார்னா அனுப்பிச்சாங்களா?"

வயலுக்கு ஒரு வணக்கம்

அந்த அரிசி விளைந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் ஒகாவா சான். முத்துப்பாண்டி வண்டியை எடுக்க, கன்னியம்மா வழி காட்ட, மண்ணூருக்குப் போனோம். இரண்டு கம்பெனிக் காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவில் ஒரு துண்டு நிலம். அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒகாவா சான் ஷூவைக் கழற்றி வரப்பில் வைத்தார். மண்ணைக் கிள்ளி விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துவிட்டு, வெறும் தாளைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து நின்றார். ஹயாஷி சானும் குனிந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஷிப்ட் முடிந்த சைரன் அடித்தது. அவர்கள் நிமிரவில்லை.

மீதி இருந்த அரிசி முழுவதும் கெஸ்ட் ஹவுஸுக்குத்தான் என்று அங்கேயே முடிவானது. திரும்பி வரும்போது கன்னியம்மா முன் சீட்டிலிருந்து என் பக்கம் திரும்பினார். "நெலத்த வாங்க வந்தவங்கள நெறய பாத்துட்டேன் மாஸ்டர். கும்புட வந்தவர இப்பத்தான் பாக்குறேன்."

கதவு

பிப்ரவரி எடை ஐம்பத்து நான்கு புள்ளி ஆறு. டாக்டர் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஏறச் சொன்னாராம். அதே எடை. கையெழுத்துப் போட்டுவிட்டார். லைன் ஓடும் நாளன்று ஒகாவா சான் என்னையும் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார். ஹெல்மெட் மாட்டி, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்னை நிறுத்தினார்கள். மெஷின் மூன்று மாடி உயரம். ஒரு வெறும் தகடு உள்ளே போனது. மேலிருந்து அச்சு இறங்கியது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே தரை வழியாகக் காலுக்கு வந்தது. நான்கு முறை இறங்கி எழுந்ததும், அந்தப் பக்கம் ஒரு கார்க் கதவு வந்து படுத்தது.

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் ஒகாவா சானைப் பார்த்தார்கள். அவர் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, விரல்களைத் தகட்டின் மேல் மெதுவாக ஓட்டினார். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தை விரல் சொல்லுமாம். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போனார். திரும்பி வந்தார். எண்ணூறு பேருக்குச் சமைத்த காலத்தில் என் சாப்பாட்டை இப்படி ஒருவர்கூட தொட்டுப் பார்த்ததில்லை, நானும் தொட்டுப் பார்த்ததில்லை என்று அப்போது தோன்றியது. அவர் கண்ணைத் திறந்து, சரி என்று தலையை அசைத்தார். அப்புறம்தான் கைதட்டல். பிரஸ் ஆபரேட்டர் பையன் ஒருவன் என் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒகாவா சானும் கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

மார்ச் முதல் வாரம் அவர் ஊர் திரும்புவதாக இருந்தது. டிக்கெட் எடுத்தாயிற்று. மனைவிக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு புடவையும் வாங்கிவிட்டார். புறப்படுவதற்கு முந்தைய வாரம் கடைசியாக ஒரு உடல் பரிசோதனை நடந்தது. எடை ஐம்பத்தைந்தரை. 'உடல்நிலை மிக நன்று' என்று டாக்டர் எழுதினார். அந்தத் தாளைப் பார்த்த கம்பெனி, அப்படியானால் இரண்டாவது லைனையும் இவரே போட்டுக் கொடுக்கட்டும் என்று இன்னும் ஒரு வருடம் நீட்டித்துவிட்டது. அன்று இரவு ஒகாவா சான் சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் படித்தார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தார். காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் நீட்டியபடி, என்னோடு இருந்த ஐந்து மாதத்தில் சேர்த்த தமிழையெல்லாம் கூட்டிச் சொன்னார். "மாஸ்டர் சான், நாளைலேர்ந்து கொஞ்சம் மோசமா சமைக்கணும். இன்னைக்கு வேணாம்."

ஒருவரை ஊருக்கு அனுப்பாமல் காப்பாற்றச் சொல்லி ஒப்படைத்த வேலையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அட்மின் ஆபீசரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.